தொட்டில் கொக்கியில் தொங்கிய குளுக்கோஸ்

எங்கள் வீட்டு நடு அறையின் கூரையில் ஓர் இரும்புக் கொக்கி உண்டு. வீடு வார்க்கும்போதே கம்பியோடு சேர்த்துக் கட்டி கான்கிரீட்டுக்குள் புதைத்தது. மகள் ஷெரின் இரண்டு வயதுவரை அதில்தான் ஆடினாள். பிறகு பன்னிரண்டு வருடம், கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்கும் சில நாட்களைத் தவிர, சும்மா கிடந்தது. நாற்பத்தொரு வயதில் நான் மறுபடி கருவுற்றேன் என்று தெரிந்த அன்று மாலை என் கணவர் ஜஸ்டின் ஏணி போட்டு ஏறி, அந்தக் கொக்கியின் துருவை உப்புத்தாளால் தேய்த்தார்.

“இப்பமே எதுக்கு?” என்றேன்.

“கெடக்கட்டு பிள்ளே. துரு முத்திப்போனா பின்ன வேலை கூடுதலாக்கும்.”

அவர் தலைமுடியெல்லாம் செம்பொடி. சிரித்துக்கொண்டே இறங்கினார். அந்தக் கொக்கியில் நாங்கள் தொட்டில் கட்டவில்லை. குளுக்கோஸ் பாட்டில் கட்டினோம்.

ஐந்து வருடம் ஆயிற்று. இப்போது எழுதுகிறேன். கேரளத்தின் தென்கோடியில், பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே, பேருந்து போகும் சாலையிலிருந்து உள்ளே விலகிய ஏதோ ஒரு வீட்டில், இந்த நேரத்திலும் ஒரு பெண் வாளியைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருப்பாள். சுற்றி நிற்பவர்கள் மசக்கைதான் என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன், என்னிடமே.

ஆறாவது வாரத்தில் தொடங்கியது. முதலில் மீன். அது எல்லாருக்கும் உள்ளதுதான். பிறகு தேங்காயெண்ணெய், சோறு வேகும் ஆவி, சோப்பு, மழை பெய்த மண். மண்வாசனை என்று எத்தனை பிள்ளைகளுக்குக் கட்டுரை எழுதச் சொல்லியிருக்கிறேன், நான் தமிழ் மீடியம் பள்ளியில் ஆசிரியை. அந்த மண்வாசனை ஜன்னல் வழியாக ஒரு விலங்கைப் போல் உள்ளே வந்து என் நெஞ்சில் ஏறி நின்றது. கடைசியில் தண்ணீருக்கும் மணம் வந்தது. தண்ணீருக்கு மணம் உண்டென்று யாரிடம் சொல்வது? கிணற்றின் அடி, பாசி, இரும்பு வாளி எல்லாம் அதில் இருந்தது. குடித்த ஒரு மடக்கு, மூன்று மடக்காகத் திரும்பி வந்தது. வருவதற்கு ஒன்றும் இல்லாதபோது பச்சையாகப் பித்தம் வந்தது. அதுவும் தீர்ந்தபோது இரத்தக் கோடு வந்தது.

ஜஸ்டினுக்கு ரப்பர் ஷீட் வியாபாரம். அம்பூரியிலும் ஆரியங்கோட்டிலும் போய் வாங்கி, கடையில் அடுக்கி, மொத்தக்காரருக்குக் கொடுப்பார். புகையும் ஆசிடும் கலந்த அந்த வாடை மனிதனின் தோலுக்குள் குடியேறிவிடும். கடையிலேயே குளித்து வேறு சட்டை போட்டு வந்து பார்த்தார். அப்படியும் படியேறியவுடன் எனக்கு ஓக்கானம் வந்தது. பிறகு அவர் கேட்டுக்கு வெளியே, காற்று எதிர்ப்பக்கம் போகும் இடமாகப் பார்த்து நின்று, செல்போனில் கூப்பிடுவார். ஜன்னல் வழியாக அவரை நான் பார்ப்பேன். பதினைந்தடி தூரத்தில் நிற்கும் கணவன் போனில் கேட்பான்:

“எதாவது எறங்கிச்சா பிள்ளே?”

“இல்ல.”

“ஒரு நாரங்கா வெள்ளமாவது?” எலுமிச்சைத் தண்ணீரைச் சொல்கிறார்.

“இல்ல.”

அப்புறமும் இருவரும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் நிற்போம்.

பள்ளியிலிருந்து பார்க்க வந்த ஒரு டீச்சர் என் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “நாங்களும் பெத்தோம்லா டீச்சரே? கர்ப்பமாக்கும், காய்ச்சலில்ல. கொஞ்சம் மனசு வைக்கணும்,” என்றார். நான் மனசு வைத்தேன். மனசு வைத்து ஒரு ரஸ்க்கை ஒரு மணி நேரம் நக்கினேன். அதற்குப் பதினோரு தடவை வாந்தி எடுத்தேன்.

இடையில் ஒருநாள் பக்கத்து கிளினிக் டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, தண்ணீரும் நிற்கவில்லை என்றால் உடனே அட்மிட் ஆக வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். மாத்திரையும் நிற்கவில்லை. ஆனால் ஆஸ்பத்திரி என்று நினைத்தாலே பினாயில் வாடை மூக்கில் ஏறியது. அப்போதுதான் அந்த வாக்கியத்தை நான் சொன்னேன். மற்றவர்கள் சொன்னதாகப் பல நாள் எனக்குள் மாற்றி எழுதிப் பார்த்திருக்கிறேன். இல்லை. நான்தான் சொன்னேன். “வீட்டுலயே நர்ஸ் இருக்கச்சில ஆஸ்பத்திரி எதுக்கு?”

நர்ஸ் என்றால் ஸ்டெல்லா மைனி. ஜஸ்டினின் அக்கா, அடுத்த வீடு. இருபத்திரண்டு வருடம் வளைகுடாவில் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு வந்தவர். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு நர்ஸ் உண்டு என்று சொன்னால் பெரிய மிகையில்லை. ஊசி போட, தையல் பிரிக்க, பிரஷர் பார்க்க யாரும் ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை, அந்தந்த வீட்டுச் சேச்சியிடம் போவார்கள். எங்களுக்கு அது ஒரு பெருமையும்கூட. மைனி இருந்தது எலும்பு வார்டில் என்பதோ, கர்ப்பிணிகளை அவர் பார்த்ததே இல்லை என்பதோ யாருக்கும் தோன்றவில்லை. நர்ஸ் என்றால் நர்ஸ்.

மைனி குளுக்கோஸ் பாட்டிலும் டியூபும் வாங்கி வந்தார். ஸ்டாண்டு இல்லை. அறையை அண்ணாந்து பார்த்தார்.

“எலே ஜஸ்டினே, அந்தக் கொக்கியில ஒரு கயிறு கட்டு.”

ஜஸ்டின் மூக்கைத் துண்டால் மூடிக்கொண்டு, மூச்சையும் அடக்கிக்கொண்டு ஓடி வந்து கட்டிவிட்டு ஓடினார். தன் வாடை எனக்குப் படக் கூடாது என்று. மைனி சிரித்தார். “கள்ளனைப் போலல்லா ஓடுதான்! சொந்த வீட்டுல!” நானும் சிரித்தேன். அந்த ஆறு வாரத்தில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

மைனியின் கை பூப்போன்றது. ஊசி குத்தியதே தெரியாது. துளி துளியாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து என் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே அவர் பாலைவனத்து ஆஸ்பத்திரிக் கதைகள் சொல்வார். ஒரு பாட்டில் முடிந்தால் கொஞ்சம் தெம்பு வரும். மறுநாள் மறுபடி சாய்வேன். ஒருநாள் விட்டு ஒருநாளாக நான்கு பாட்டில்.

நான்காவது பாட்டில் முடிந்த மறுநாள், கொக்கி இரண்டாகத் தெரிந்தது.

சோர்வு என்று நினைத்தேன். எழுந்து நின்றால் தரை வள்ளம்போல் அசைந்தது. காலை அகட்டி அகட்டி, சுவரைப் பிடித்துத்தான் கழிப்பறைக்குப் போக முடிந்தது. ஷெரின் குப்பியின் மூடியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தாள். டம்ளரைக் கண்டாலே நான் பயப்படுவதால் அவளாகக் கண்டுபிடித்த அளவு அது, ஒரு மூடி. பதினான்கு வயசு. வீட்டில் மீன் வாங்க வேண்டாம் என்று அவளே அப்பாவிடம் சொல்லியிருந்தாள், மீன் இல்லாமல் ஒரு வாய் இறங்காத பிள்ளை. மூடியைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தாள்.

“அம்மா, ஒங்க கண்ணு ஏன் ஆடுது?”

“எங்க ஆடுது?”

“எங்கிட்டப் பாருங்க. நேரே பாருங்க. நிக்கல்ல, அது ஓடிட்டே இருக்கு.” பிறகு அவள் குரல் உடைந்தது. “நான் ஆருன்னு செல்லுங்க.”

நான் என் இறந்துபோன அம்மாவின் பெயரைச் சொன்னேனாம். எனக்கு நினைவில்லை. அந்த நாளில் பாதி எனக்கு இன்னும் திரும்பி வரவில்லை.

காரில் மைனியின் மடியில் கிடந்தேன். அன்று ஜஸ்டினின் வாடை எனக்கு எட்டவேயில்லை, அத்தனை தூரத்தில் இருந்தேன். முதலில் போன ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுத் திருவனந்தபுரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே இளம் டாக்டர் ஒருத்தி, முகத்தில் தூக்கமே இல்லை, என் கண்ணுக்கு முன்னால் விரலை நகர்த்திப் பார்த்தாள். சிறுநீரில் ஒரு காகிதப் பட்டையை நனைத்தாள். பட்டை கத்தரிப்பூ நிறமாக மாறியது. சாப்பாடு இல்லாத உடம்பு தன் கொழுப்பையே எரிக்கத் தொடங்கும்போது கழிவாக வருவது கீட்டோன். அந்த நிறம் அதுதான். அடுப்புக்கு விறகில்லாமல் வீட்டின் கதவையும் ஜன்னலையும் பெயர்த்து எரிப்பது போல.

பிறகு மைனியைப் பார்த்துக் கேட்டாள். “குளுக்கோஸ் மாத்ரமோ கொடுத்தது? தையமின் கொடுத்தோ?”

இருபத்திரண்டு வருட நர்ஸ், பள்ளியில் பாடம் படிக்காத பிள்ளையைப் போல் தலை குனிந்து நின்றதை என் இரட்டைப் பார்வையில் இரண்டு மைனிகளாகப் பார்த்தேன்.

இதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். தையமின் என்பது பி-ஒன் வைட்டமின். சர்க்கரையைச் சக்தியாக மாற்ற உடம்புக்கு அது வேண்டும். வாரக்கணக்கில் வாந்தி எடுத்தவளுக்கு அது ஏறக்குறையத் தீர்ந்திருக்கும். அந்த நேரத்தில் அதைக் கொடுக்காமல் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், மிச்சமிருந்த துளியும் செலவாகிவிடும். கண்ணையும் காலையும் ஞாபகத்தையும் நடத்துகிற மூளைப் பகுதி பட்டினியாகும். முதலில் தையமின், பிறகுதான் குளுக்கோஸ். அடங்காத இந்த வாந்தி நோய்க்கு டாக்டர்கள் வைத்திருக்கும் பெயர் ஹைபரெமெசிஸ். மசக்கையின் பெரியம்மா என்று எண்ணிவிட வேண்டாம், அது வேறு குடும்பம். மனசு வைத்தால் நிற்காது. தண்ணீரும் தங்கவில்லை, சிறுநீர் கறுத்துக் குறைந்துவிட்டது, எடை இறங்குகிறது என்றால் அன்றே ஆஸ்பத்திரி. அவ்வளவுதான். நான் ஆறு வாரம் கழித்துக் கற்ற பாடம் இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது.

ஸ்கேனில் குழந்தையின் இதயம் துடித்தது. அந்தச் சத்தத்தை மெஷினில் கேட்கவைத்தார்கள். சீக்கிரம் சீக்கிரம் எங்கேயோ நடந்து போகிற ஒரு சின்ன ஆள். ஜஸ்டின் அழுதார். எனக்கு அழத் தண்ணீர் இல்லை.

ஊசி வழியாக தையமினும் வாந்தி நிறுத்தும் மருந்தும் ஏற்றினார்கள். உடனே நிற்கவில்லை. வார்டில் எட்டுக் கட்டில். ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு தூக்குவாளி, ஒவ்வொரு தூக்குவாளியிலும் ஒரு கறி. மூடி திறக்கும் ஓசையை வைத்தே எந்தக் கட்டில் என்று சொல்லிவிடுவேன். பக்கத்துக் கட்டில்காரி நான் படுகிற பாட்டைப் பார்த்து, நிறை வயிற்றைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் போய் நின்று சாப்பிட ஆரம்பித்தாள். அவள் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்றாம் நாள் காலை. ஜஸ்டின் மருந்து வாங்கப் போயிருந்தார். மைனி துணி அலசப் போயிருந்தார். டாக்டர் என் நாடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் சொன்னேன்.

“டாக்டர், இத எடுத்திருங்க.”

பதின்மூன்று வருடம் கேட்டுக் கேட்டுக் கிடைத்த பிள்ளை. சபையில் பெயர் சொல்லி ஜெபித்த பிள்ளை. வார்த்தை என் வாயிலிருந்து வாந்தியைப் போலவே வந்தது, நான் தடுக்கும் முன்னால்.

டாக்டர் அதிர்ச்சி காட்டவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். இதைக் கேட்கிற முதல் ஆள் நீங்கள் இல்லை என்று மலையாளத்தில் மெதுவாகச் சொன்னாள். ஆசைப்பட்டுச் சுமந்தவர்களும் கேட்டிருக்கிறார்கள். இது நீங்கள் பேசுவதா, நோய் பேசுவதா என்று பார்க்க எனக்கு இரண்டு நாள் கொடுங்கள். வாந்தி நின்ற பிறகும் இதையே சொன்னால், சட்டம் அனுமதிக்கிறது, நான் ஒரு கேள்வி கேட்க மாட்டேன். சொல்லிவிட்டு ஃபைலில் எதையோ எழுதினாள்.

ஐந்தாம் நாள் நான்கு கரண்டி கஞ்சித்தண்ணீர் உள்ளே போய் உள்ளேயே இருந்தது. ஒரு மணி நேரம். இரண்டு மணி நேரம். வயிற்றில் கையை வைத்துக்கொண்டு, விருந்தாளியைப் பார்ப்பதுபோல் அந்த நான்கு கரண்டியைக் காவல் காத்தேன். டாக்டர் வந்தால் சொல்ல வேண்டிய வார்த்தை தயாராக இருந்தது. வேண்டாம், இருக்கட்டும். அது மட்டும்தான். ஆனால் அவள் வருவதற்கு முன்னால் ஸ்கேனுக்குக் கூப்பிட்டார்கள். மெஷினில் சத்தம் இல்லை. ஸ்கேன் எடுத்த பெண் திரையை என் பக்கமிருந்து மெல்லத் திருப்பினாள்.

ஏன் என்று கேட்டோம். வயதாக இருக்கலாம், நோயாக இருக்கலாம், குழந்தையிலேயே குறை இருந்திருக்கலாம், உறுதியாக எதையும் சொல்ல முடியாது என்றாள் டாக்டர். மற்றவர்கள் நகர்ந்ததும் என்னிடம் மட்டும் குனிந்து, “நிங்ஙள் பறஞ்ஞது கொண்டல்லா,” என்றாள். நீங்கள் சொன்னதால் இல்லை. நான் கேட்காத கேள்விக்குப் பதில்.

இன்னொன்றும் எழுத வேண்டும். எல்லாம் முடித்து என்னை வார்டுக்குத் திரும்பக் கொண்டுவந்த அன்று மத்தியானம், பக்கத்துக் கட்டில்காரி வராந்தாவில் பொதியைப் பிரித்தாள். பொரித்த மத்தி. காற்றில் வந்தது. எனக்கு ஓக்கானம் வரவில்லை. பசித்தது. வாயில் தண்ணீர் ஊறியது. என் பிள்ளை போன நாளில் என் உடம்பு மத்திக்கு ஆசைப்பட்டது. ஒரு துண்டு கொடுத்தாள். முள்ளோடு தின்றேன். தின்றுகொண்டே அழுதேன், அன்றைக்குக் கண்ணில் தண்ணீர் இருந்தது.

எட்டு மாதம் ஊன்றுகோல். பற்கள் கூசி, இரண்டு போயிற்று. தலைமுடி கைக்கு வந்தது. வகுப்பில் பாடத்தின் நடுவே வார்த்தை நழுவும், பிள்ளைகள் எடுத்துக் கொடுப்பார்கள். இவையெல்லாம் வெளியே தெரிகிறவை. காலையில் கண் விழிப்பதே குற்றமாகத் தோன்றிய மாதங்களுக்கு என்ன மருந்து என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எங்கள் சபையில் மாதக் கடைசி ஞாயிறு சாட்சி சொல்லும் வழக்கம் உண்டு. சுகமானவர்கள், வேலை கிடைத்தவர்கள் எழும்பி நன்றி சொல்வார்கள். நான் ஊன்றுகோலோடு முதன்முதலில் போன ஞாயிறு, எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழவில்லை. மைனி எழுந்தார்.

“இது சாட்சி இல்ல, அறிக்கையாக்கும். எனக்க தம்பிக்க பிள்ளை இல்லாமப் போனது எனக்க கையாலயாக்கும். தெரியாத வேலைய தெரியுமுன்னு செஞ்சேன். இனி ஆரும் எங்கிட்ட ஊசிக்கு வராதீங்க. ஆஸ்பத்திரிக்குப் போங்க.”

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஒருவரும் ஆமென் சொல்லவில்லை. அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி வேண்டாம் என்றது நான். எடுத்துவிடு என்றது நான். எழுந்து சொல்ல வேண்டிய இரண்டு வரியும் என் நாக்கில் இருந்தது. நான் எழவில்லை. அன்றிலிருந்து ஊரில், ஸ்டெல்லா நர்ஸ் குத்தித்தான் டீச்சருக்கு அப்படி ஆயிற்று என்பதே கதை.

ஐந்து வருடம் அப்படியே போயிற்று. கடந்த மாதம் மைனி என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

“வா மக்கா. அபிஷாவைப் பாக்கப் போவோம். நாலு நாளா சர்த்தியாம்.”

அபிஷா எங்கள் சபையில் புதிதாகக் கல்யாணமாகி வந்தவள், இருபத்து மூன்று வயசு. அறையில் வாளியோடு சுருண்டு கிடந்தாள். அவள் மாமியார் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, “மசக்கையில ஆரும் செத்துப் போவல்ல ஸ்டெல்லா. ஒனக்கு எதக் கண்டாலும் பேடியாக்கும்,” என்றார்.

மைனி அதைக் காதில் வாங்கவில்லை. பெண்ணின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். “மக்கா, இண்ணைக்கு எத்தன தடவ மூத்திரம் போச்சு?”

பெண் தலையை அசைத்தாள்.

“நேத்தைக்கு?”

“ராவிலெ ஒருக்கா. சாயா நெறத்துல.”

மைனி எழுந்தார். “ஆட்டோ விளி.”

“ஒரு பாட்டில் குளுக்கோஸ் இஞ்சயே ஏத்தினா போராதா?” என்றார் மாமியார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. நான் பேசினேன்.

“அண்ணைக்கு நானும் இதத்தான் செல்லினேன். ஆஸ்பத்திரி வேண்டாமுன்னு செல்லினது நான்தான். மைனி இல்ல.”

மாமியார் என்னையும் மைனியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் அபிஷாவை உள்ளே கொண்டுபோனார்கள். மாமியார் மருந்து வாங்கப் போனார். முதலில் தையமின் என்று நான் டாக்டரிடம் சொன்னேன், தெரியும் என்று அவர் சிரித்தார். நானும் மைனியும் வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். ஒரு பக்கம் இந்த வார்டு, எதிரே பிரசவ அறை. சுவரில் ஃபைல்களை அடுக்கும் தட்டு. அதைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

“மைனி, இன்னொண்ணும் உண்டு. திருவனந்தபுரத்துல, நீங்க துணி அலசப் போன நேரம், நான் டாக்டர்ட்ட ஒண்ணு கேட்டேன்.”

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“ஃபைல்ல எழுதியிருந்துச்சு மக்கா. நான் நர்ஸாக்கும். கட்டில்ல ஃபைலு கெடந்தா வாசிக்காம இருப்பனா?” அவர் தன் சேலை முந்தியைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்தார். “அண்ணைக்கே வாசிச்சேன்.”

அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. “ஷெரினுக்க அப்பாவுக்குத் தெரியுமா?”

“எனக்க வாயில இருந்து போவல்ல.”

“அப்போ சபையில ஏன் எழும்பினீங்க? எல்லாத்தையும் ஒங்க தலையில வச்சு?”

“எனக்க கை செஞ்சது எனக்குத் தெரியாதா? அது நிஜமாக்கும்.” முந்தியை உதறிவிட்டுக்கொண்டார். “பின்ன, ஊருக்கு ஒரு ஆளுக்க பேரு வேணும். பேரு கெடைக்காதவரை தேடிட்டே இருக்கும். ஒன்னைத் தேடி வரப்பிடாதுன்னு நெனச்சேன். நீ அண்ணைக்கு நடக்கவே முடியாம இருந்த.”

அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். பூப்போன்ற கை. சபையில் எழுந்து நின்ற நாளுக்குப் பிறகு அது யாருக்கும் ஊசி போட்டதில்லை.

கதவு திறந்து ஒரு சின்ன நர்ஸ் எட்டிப் பார்த்தாள். “அபிஷாவுக்க ஆளு ஆரு? மூத்ரம் போயி கேட்டோ!”

மைனி துள்ளி எழுந்தார். “எத்தற? எத்தற மில்லி?”

நர்ஸ் அளவைச் சொன்னாள். மைனி என் தோளைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழ ஆரம்பித்தார். நானும். எதிரே பிரசவ அறை வாசலில் ஆணா பெண்ணா என்று தெரியக் காத்து நின்றவர்கள், எங்களுக்கு என்ன பிறந்தது என்று திரும்பிப் பார்த்தார்கள்.